புகை மணி யார் பொறுப்பு?

அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட நம் மக்கள், பெரும்பாக்கத்தில் எட்டுத் தள அடுக்ககங்களில் வாழ்கிறார்கள். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்கிறது அரசு. படிக்கட்டை அடைக்காமல் வைப்பதும் சிலிண்டர் குழாயைக் கவனிப்பதும் நம் பொறுப்புதான். புகை எச்சரிக்கை மணி யார் பொறுப்பு?

லண்டன் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் குடியிருந்தோர் தீ ஆபத்தை முன்பே எச்சரித்தார்கள். கேட்பாரில்லை. 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீ 72 உயிர்களைக் குடித்தது. அங்கே 2022 அக்டோபர் முதல், சமூக வாடகை வீடுகளில் புகை மணி பொருத்துவதும் பழுதென்றால் சரிசெய்வதும் வீட்டைத் தருபவரின் சட்டக் கடமை.

நம் வீடுகளில் மணி உண்டா, யார் பராமரிப்பது என்று வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மாணவர்களே, மனுவை நீங்கள் எழுதுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கட்டணம் நம்முடையது என்றால், கேள்வியும் நம்முடையதே.