எந்தச் சட்டை அணிந்தாலும்

வேலை ஒப்பந்தம் முடியும் மாதம் நெருங்கும்போது, டெல்லியில் வாழும் நம்முடைய குடும்பங்களில் ஒரு கேள்வி எழும்புகிறது: "அடுத்து எந்த ஊர்?" நொய்டாவா, குர்கானா, அல்லது மீண்டும் சென்னைக்கேவா? பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய பணம், இவை யாவும் அந்த ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. அதே கேள்வியோடு பல ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை இம்மாதம் உங்கள் முன்பாக வைக்க விரும்புகிறேன். அவர் கால்பந்தாட்ட வீரர் அனஸ் எடத்தொடிகா.

1987இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலுள்ள கொண்டோட்டியில் பிறந்தவர். வாலிபத்தில் வீட்டுச் செலவுக்காக ஆட்டோ ஓட்டியதும் உண்டு. பின்பு மும்பை எஃப்.சி., அதன்பின் புனே எஃப்.சி. 2015இலும் 2016இலும் நமது டெல்லி டைனமோஸ். 2017இல் கொல்கத்தாவின் மோகன் பகான். அதே ஆண்டில் ஜாம்ஷெட்பூர். 2018இல் சொந்த மாநிலத்துக் கேரளா பிளாஸ்டர்ஸ். அடுத்த ஆண்டில் மறுபடியும் கொல்கத்தா, அங்கே ஏ.டி.கே. அணி. 2021இல் திரும்பவும் ஜாம்ஷெட்பூர். எத்தனை நகரங்கள், எத்தனை சட்டைகள்! நம்மில் சிலருடைய வேலைச் சான்றிதழ்களும் இப்படித்தானே இருக்கின்றன?

இவருடைய ஓட்டத்திலிருந்து மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, காணப்படாத பிரயாசம். கோல் அடிக்கிறவனுடைய பெயரை மைதானம் முழுவதும் ஆர்ப்பரிக்கும். பின்கள வீரனோ பந்து வருமுன்னே வந்து நிற்கிறவன். எதிராளி எங்கே ஓடுவான் என்று முன்னறிந்து வழியை அடைக்கிறான். கோல்காவலரோடும் பக்கத்து வீரரோடும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறான். அவன் தன் வேலையைச் சரியாய்ச் செய்தால் ஒன்றுமே நடவாதது போலத் தோன்றும். அனஸ் இவ்விதமாகவே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தார். இந்திய அணிக்காக அவர் முதன்முதலாகக் களமிறங்கியது 2017 மார்ச் 22 அன்று, கம்போடியாவுக்கு எதிராக. அப்போது அவருக்கு வயது முப்பது! அநேக வீரர்கள் ஓய்வைக் குறித்து யோசிக்கத் தொடங்கும் வயது அது. அதே ஆண்டு ஜூலையில் ஐ.எஸ்.எல். அணிகள் வீரர்களைத் தெரிந்தெடுத்தபோது, அவருக்குக் குறிக்கப்பட்ட தொகை 1.10 கோடி ரூபாய். ஜாம்ஷெட்பூர் அவரையே முதலில் தெரிந்தெடுத்தது. அதற்கு முந்திய பத்து ஆண்டுகளில் அவர் செய்த வேலையும் அதே வேலைதான். வேலை மாறவில்லை, அதைக் கண்டவர்கள் தாமதமாய்க் கண்டார்கள்.

சகோதரியே, விடியற்காலையில் எழுந்து எல்லாருக்கும் உணவு கட்டிக் கொடுத்து அனுப்புகிறீர்கள். சகோதரனே, இரவு முழுவதும் கட்டடத்தின் வாசலில் விழித்திருக்கிறீர்கள். ஒருவரும் பாராட்டவில்லை என்று சோர்ந்துபோகிறீர்களோ? கெட்டது ஒன்றும் நடவாமல் ஒரு நாள் கழிந்தது என்றால், யாரோ ஒருவர் காவல் நின்றார் என்று அர்த்தம்.

இரண்டாவது, விழுந்தபின் எழும்புதல். 2015இல் டெல்லி அணியில் அனஸுடன் நார்வே நாட்டுப் பின்கள வீரர் யோன் ஆர்னே ரீசே விளையாடினார். தன் நாட்டுக்காக 110 ஆட்டங்கள் ஆடியவர். 2008 ஏப்ரல் 22 அன்று, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், லிவர்பூல் 1-0 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ரீசே தலையால் தட்டிய பந்து தன் சொந்த அணியின் வலைக்குள்ளேயே போயிற்று. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் அவர் லிவர்பூலை விட்டு ரோமா அணிக்குச் சென்றார். பின்பு இங்கிலாந்தின் ஃபுல்ஹாம், சைப்ரஸ் நாட்டின் அபோயல், அதன்பின் டெல்லி, மறு ஆண்டு சென்னையின் எஃப்.சி. ஒரு தவறோடு தன் ஓட்டம் முடிந்துவிட்டதென்று அவர் எண்ணவில்லை. உங்கள் பிள்ளை ஒரு தேர்வில் தவறிவிட்டானா? அந்த ஒரு நாளை வைத்து அவனுடைய ஆயுள் முழுவதையும் அளக்காதிருங்கள்.

மூன்றாவது, வரிசையைக் காத்தல். பின்களத்தில் நால்வர் ஒரே கோட்டில் நிற்பார்கள். ஒருவர் மாத்திரம் பின்தங்கினால், ஆஃப்சைடு ஆகவேண்டிய எதிராளி தடையின்றி உள்ளே நுழைந்துவிடுவான். ஆகையால் முன்னேறுவதும் பின்வாங்குவதும் சேர்ந்தே செய்யவேண்டியவை. 2019 ஜனவரி 14 அன்று ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அனஸ் காயத்தால் வெளியேறினார். கடைசி நிமிடங்களில் பெனால்டி ஒன்றால் இந்தியா தோற்றது. மறுநாளே சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வை அறிவித்தார். ஆயினும் அதே ஆண்டில் புதிய பயிற்சியாளர் அழைத்தபோது மறுக்கவில்லை. சந்தேஷ் ஜிங்கன் காயமுற்றதால் வரிசையில் இடம் வெறுமையானது. அக்டோபர் 15 அன்று கொல்கத்தாவில் வங்கதேசத்துக்கு எதிராக அந்தப் பின்களத்தில் அனஸ் நின்றார்.

இதை நம் நகரத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். டெல்லி டைனமோஸ் விளையாடிய ஜவாஹர்லால் நேரு மைதானத்துக்குச் சற்றுத் தூரத்தில், ஜங்புராவில், மதராசி கேம்ப் இருந்தது. தமிழர் பல பத்தாண்டுகளாய்க் குடியிருந்த அவ்விடம் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 வீடுகள். நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று கணக்கிடப்பட்டவை 189 மாத்திரமே. நரேலாவோ நகரத்தின் வடகோடி. 2019இல் அந்தக் கால்பந்து அணியும் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆயிற்று. அணி இடம் மாறினால் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். வீட்டை இழந்த குடும்பத்துக்கு எந்த ஒப்பந்தம் இருக்கிறது?

பிரியமானவர்களே, நமது வரிசையில் வெறுமையான இடம் அதுவே. அவர்களில் ஒரு குடும்பத்தையாவது நீங்கள் அறிவீர்களா? புதிய இடத்தில் பிள்ளைக்குப் பள்ளி கிடைத்ததா, தாய்க்கு வேலை இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆராதனைக்கு வந்துபோகும் பேருந்துச் செலவையும் எண்ணிப் பாருங்கள்.

நாளை நாம் எந்த ஊரில் எந்தச் சட்டை அணிந்திருப்போமோ அறியோம். இன்று நிறுத்தப்பட்ட இடத்தில் உண்மையாய் நிற்போம். பக்கத்தில் நிற்பவரைத் தனியே விட்டுவிடாதிருப்போம்.