நைல் நாடுகளே, கையெழுத்திடுங்கள்!

நீல நைலின் குறுக்கே எத்தியோப்பியா கட்டிய மாபெரும் மறுமலர்ச்சி அணை 2025 செப்டம்பர் 9 அன்று திறந்துவைக்கப்பட்டது. கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். மின்னுற்பத்தித் திறன் 5,150 மெகாவாட். 2011-இல் தொடங்கிய வேலை முடிந்துவிட்டது. ஆனால், வறட்சி ஆண்டில் கீழ்நாடுகளுக்கு எவ்வளவு நீர் விடப்படும் என்பதற்கு இன்றுவரை ஒப்பந்தம் இல்லை. எத்தியோப்பியா, சூடான், எகிப்து ஆகிய மூன்று அரசுகளின் இந்தப் பொறுப்பின்மை வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

முதல் குற்றம் எத்தியோப்பியாவுடையது. 2020 ஜூலையில் உடன்பாடு எதுவும் எட்டப்படாமலேயே அணையில் நீர் தேக்கத் தொடங்கியது. நீல நைலில் நாளொன்றுக்கு 9 கோடி கன மீட்டர் வரத்து குறைந்ததாகச் சூடான் அறிவித்தது. அந்நாட்டுத் தலைநகர் கார்ட்டூமில் குடிநீர் நிலையங்கள் சில நீரெடுக்க முடியாமல் நின்றன. குழாயைத் திறந்தவர்களுக்குத் தண்ணீர் வரவில்லை. மின்சாரமே காணாத கோடிக்கணக்கான எத்தியோப்பியர்களுக்கு இந்த அணை தேவை. அதை மறுப்பவர் இல்லை. ஆனால் அந்தத் தேவை, கீழே வாழ்பவர்களுக்கு முன்தகவல்கூடத் தராமலிருக்கும் உரிமையை எவருக்கும் தந்துவிடாது.

எகிப்தின் குற்றமும் சிறிதல்ல. 1959-இல் எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி கன மீட்டர் என இரு நாடுகளும் நைலைப் பங்கிட்டுக்கொண்டன. நதிநீரில் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியாவை அந்தப் பேச்சுக்கு அழைக்கவே இல்லை. அந்தப் பங்கீட்டை இன்றும் மாற்றவே முடியாத உரிமையாக நீட்டுவது நியாயமாகாது. 2013 ஜூனில் எகிப்தின் அன்றைய அதிபர் மோர்சி கூட்டிய கூட்டத்தில் எகிப்தியத் தலைவர்கள் அணையை நாசப்படுத்தும் வழிகளைப் பேசினர். அது நேரலையில் ஒளிபரப்பாவதுகூட அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் ஒற்றை நதியை நம்பி வாழும் நாட்டின் அச்சம் உண்மையானது. அந்த அச்சத்துக்குப் போர் மிரட்டல் மருந்தாகாது.

2025 செப்டம்பர் இறுதியில் சூடானில் ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அணையிலிருந்து பொறுப்பின்றி நீர் திறந்ததே காரணம் என்றது எகிப்து, எத்தியோப்பியா மறுத்தது. நீர்மட்டமும் திறப்பளவும் அன்றாடம் வெளியிடப்பட்டிருந்தால் உண்மை அன்றே தெரிந்திருக்கும். தகவலை மறைக்கும் இடத்தில் சந்தேகம் வளரும். சந்தேகம் முற்றினால் படை நகரும். உள்நாட்டுப் போரில் சிதைந்து கிடக்கும் சூடானால் இன்னொரு மோதலைத் தாங்க முடியாது.

அணையை நிரப்பவும் இயக்கவும் விதிகள் வகுப்போம் என்று 2015 மார்ச்சில் கார்ட்டூமில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டன. அந்த வாக்கு காற்றில் விடப்பட்டது. 2023 டிசம்பரில் பேச்சும் முறிந்தது.

இனியும் இழுத்தடிக்க இடமில்லை. எத்தியோப்பியா நீர்த் திறப்பு விவரங்களை நாள்தோறும் வெளியிட வேண்டும். வறட்சிக்கால நீர்விடுப்பைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு இணங்க வேண்டும். எகிப்தும் சூடானும் 1959 பங்கீட்டிலிருந்து இறங்கி, நைல் நீரை நியாயமாகப் பகிர்வதற்காக 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நைல் படுகைக் கூட்டுறவு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச உட்கார வேண்டும். பிணக்கு எழுந்தால் தீர்ப்புச் சொல்ல நடுவர் அமைப்பு ஒன்றை ஆப்பிரிக்க ஒன்றியம் முன்மொழிய வேண்டும். அணையில் நீர் இருக்கும்போது விட்டுக்கொடுப்பது எளிது. வறண்ட பிறகு எந்த அரசும் தன் மக்கள் முன் விட்டுக்கொடுக்கத் துணியாது. ஆகவே எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் அடுத்த ஜூன் மழை தொடங்குமுன் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். தவறினால், பின்னர் சிந்தப்படும் ஒவ்வொரு துளி இரத்தத்துக்கும் இந்த மூன்று அரசுகளே பொறுப்பு.