யூரியா மூட்டையும் ஒரு பிடி பற்றீரியாவும்

பசளை என்று பேச்செடுத்தாலே இந்நாட்டில் இரண்டு கூச்சல்கள்தான் கேட்கின்றன. யூரியா இன்றேல் புல்லும் முளைக்காது என்பது ஒன்று. இரசாயனம் அனைத்தும் நஞ்சே என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவில், விஞ்ஞானம் நூறாண்டுகளுக்கு மேலாக அறிந்துள்ள ஓர் உண்மை கேட்பாரற்றுக் கிடக்கின்றது. ரத்தோட்டைப் பக்கம் போஞ்சியும், தம்புள்ளை, கலேவெலப் பக்கம் பயறும் கௌப்பியும் பயிரிடும் மாத்தளை மாவட்டத்துக் கமக்காரருக்காக அதனை இங்கு எழுதுகின்றேன்.

நாம் சுவாசிக்கும் வளியில் 78 சதவீதம் நைதரசன். ஆயினும் பயிர்கள் அதை நேரடியாக உண்ண இயலாது. அதைப் பசளையாக்குவதற்குத் தொழிற்சாலைகள் 400 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் பெரும் அமுக்கத்தையும் பயன்படுத்துகின்றன. அதே வேலையை அவரைக் குடும்பப் பயிர்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் றைசோபியம் என்னும் பற்றீரியா, மண்ணின் சாதாரண வெப்பநிலையிலேயே செய்துமுடிக்கின்றது. ஜெர்மனியில் ஹெல்ரீகல் 1886இல் இதை வெளிப்படுத்தினார். ஒல்லாந்தர் பெய்ஜரிங்க் 1888இல் அப்பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். ஆகவே இது நேற்றைய அதிசயமும் அன்று, மந்திரமும் அன்று.

2021 மே மாதத்தில் அன்றைய அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்தது. இயற்கையின் பெயரால் செய்யப்பட்ட காரியம் அது. பின்னர் இயற்கைப் பசளையை எங்கே தேடினார்கள்? சீனாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். அது தீங்கான பற்றீரியாவைக் கொண்டிருப்பதாகக் கூறித் திருப்பியனுப்பப்பட்டது. ஆயினும் அதற்காக ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் எஸ். ஏ. குலசூரிய போன்றோர் பல்லாண்டுகள் உழைத்து, சோயாவுக்கும் போஞ்சிக்கும் உகந்த றைசோபியத்தைத் தென்னந்தும்புத் தூளில் வளர்த்து, பொதி செய்யும் முறையை உருவாக்கியிருந்தனர். கெட்ட பற்றீரியாவுக்குப் பணம் கொடுத்த தேசத்துக்கு, வீட்டு வாசலிலிருந்த நல்ல பற்றீரியா கண்ணிற் படவில்லை!

அந்த நவம்பரிலேயே தடை விலக்கப்பட்டது. ஆனால் 2022இல் யூரியா மூட்டையின் விலை பழைய விலையைப்போல் பத்து மடங்கையும் தாண்டியது. தவறு செய்தவர்கள் பதவியைத்தான் இழந்தார்கள். கமக்காரரோ போகத்தை இழந்தார். அதைவிடக் கொடிய விளைவு இன்னொன்று. இப்போது உயிர்ப் பசளை என்று வாய் திறந்தாலே, "மறுபடியும் அந்தக் கூத்தா?" என்கின்றனர். மூடத்தனமாகச் செய்யப்பட்ட ஒன்றால், முறையாகச் செய்யவேண்டியதும் கெட்ட பெயர் எடுத்துவிட்டது.

இம்மாவட்டத்தின் ஒரு கமநல சேவை நிலையத்தில் றைசோபியம் கிடைக்குமா என்று நான் வினவினேன். "அது என்ன மருந்து?" என்று திருப்பிக் கேட்டார்கள். அங்கிருந்தவரை நோவதிற் பயனில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யூரியாவுக்கு இறக்குமதியாளர் உண்டு, மானியம் உண்டு, தேர்தல் வாக்குறுதியும் உண்டு. சிறு பொதியில் அடங்கும், சில மாதங்களில் செயலிழக்கும் உயிர்ப்பொருளுக்குப் பரிந்துபேச எவர் உளர்?

எதிர்வாதங்களையும் மறைக்க விரும்பவில்லை. றைசோபியம் நெல்லுக்கும் மிளகாய்க்கும் உதவாது; அவரைக் குடும்பத்துக்கே உரியது. போஞ்சி, சோயாவைப்போல் நைதரசனைத் தாராளமாகப் பதிக்கும் பயிருமன்று. மண்ணில் ஏற்கனவே உள்ள இனங்கள் புதிதாக இட்டதைப் போட்டியில் வென்றுவிடக்கூடும். பொசுபரசு குறைந்த மண்ணிலும் அமிலம் மிகுந்த மண்ணிலும் பலன் குறையும். இவையெல்லாம் உண்மையே. ஆனால் இவை வயலுக்கு வயல் பரீட்சித்துப் பார்ப்பதற்கான காரணங்களே தவிர, கைவிடுவதற்கான காரணங்களல்ல. அவரைப் பயிருக்கு யூரியாவை அள்ளிக் கொட்டினால் சிறுகணுக்கள் உருவாவதே குறைகின்றது என்பதும் உண்மைதானே? இலவசமாக உழைக்க வந்த வேலையாளை வாசலில் நிறுத்திவிட்டு, கடன்பட்டுக் கூலி கொடுக்கும் கதை இது.

பிரேசில் நாட்டவர் தமது சோயாச் செய்கையின் பெரும்பகுதிக்கு நைதரசன் பசளை இடுவதில்லை. விதையிற் பற்றீரியாவைக் கலந்தே விதைக்கின்றனர். அப்பணியில் வாழ்நாளைச் செலவிட்ட மரியாஞ்செலா ஹுங்ரியாவுக்கு 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அக்கரையில், தமிழ்நாட்டு அரசு வேளாண்மை விரிவாக்க மையங்கள் மூலம் றைசோபியம் பொட்டலங்களை விற்கின்றது.

நான் கேட்பது பெரிய காரியமன்று. பெரும்போகம் தொடங்குமுன் மாத்தளையின் ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் பரிசோதிக்கப்பட்ட பொதிகள் இருக்கட்டும். காலாவதித் திகதியும் பயன்படுத்தும் முறையும் தமிழிலும் அச்சிடப்படட்டும். ஆறிய கஞ்சியிற் குழைத்து, விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைப்பதற்கு எவருக்கும் பட்டப்படிப்பு தேவையில்லை. பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கிச் சிறுகணுவைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயின் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருப்பின் இல்லை. வாசகர்களே, அமைச்சரின் அறிக்கையைவிட நம்பகமான அறிக்கை அது!

தோட்டத்து லயத்தின் பின்னால், உறுதிப்பத்திரமில்லாத துண்டு நிலத்தில் போஞ்சி நடும் எம்மவருக்கே இது முதலிற் சென்று சேரவேண்டும். 2005இல் வந்த 350 ரூபா யூரியா மூட்டைத் திட்டம் நெல் வயலுக்கென்றே வந்தது. வயலற்ற அவர்களை எட்டிப் பார்க்கவில்லை. காற்றுக்கு எவரும் உறுதி எழுதிக் கொடுப்பதில்லை. அதிலுள்ள நைதரசனில் அவர்களுக்கும் பங்குண்டு. அப்பங்கை எடுத்துக்கொள்ளும் வழியைக் காட்டவேண்டியது அரசின் கடமை. அதை இனியும் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை.