'விசேஷம் இல்லையா?' - டாக்டரிடம் எப்போது போகலாம்?

கல்யாணமாகி மூன்றே மாதம். அதற்குள் போகிற இடமெல்லாம் 'விசேஷம் இல்லையா?' என்ற கேள்வி. பதற வேண்டாம்! கருத்தடை இல்லாமல் முயன்றும் கரு தங்கவில்லையா? மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு, அதைத் தாண்டினால் 6 மாதம் பார்க்கலாம். 40-ஐத் தாண்டியவர்கள் காத்திருக்கவே வேண்டாம்.

பீரியட்ஸ் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, வலியும் தாங்க முடியவில்லை என்றால் முன்னதாகவே போய்விடுங்கள். வளர்ந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதைப்பை வீங்கிய ஆண்களும்தான்.

மனைவியை மட்டும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அலையவிட்டு, கணவரின் விந்தணுப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. இத்தனைக்கும் அதில் ஊசிகூடக் கிடையாது! 2 முதல் 7 நாள்கள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு சாம்பிள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கே இருவரும் சேர்ந்து போங்கள். கடைசி சில மாத பீரியட்ஸ் தேதிகள் போனில் இருக்கட்டும், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.