மிச்சத் துணியும் பாலியஸ்டரும்

ஒட்டுப்போர்வை தைக்கறதுக்குன்னே புதுத்துணி மீட்டர் கணக்கில் வாங்கி, சதுரம் சதுரமா வெட்டி, மறுபடி ஒட்டறாங்களாம். அது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல.

டெய்லர் கடையில் ஜாக்கெட் வெட்டின மிச்சம், கிழிஞ்ச சேலையில் நல்லா இருக்கற இடம், எப்பவோ தைச்சுப் பாதியில விட்ட கட்டங்கள், இதெல்லாம் சேர்ந்ததுதான் மேல்துணி. கட்டங்கள் ஒரே அளவா இருக்காது. சின்னதைச் சுத்தி ஒரு பட்டை கொடுத்துப் பெருசுக்குச் சமமாக்கணும். பெருசை நறுக்கிச் சின்னதாக்கறது வீண். புதுத்துண்டுகளை முதல்லயே அலசிக் காயப்போடணும்; இல்லேன்னா தைச்சப்புறம் சுருங்கும், சாயமும் இறங்கும். நைஞ்ச துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாலே தெரிஞ்சிடும். அதைக் கெட்டித்துணியோட சேர்த்தா தையல் ஓரத்துல கிழியும்.

ஆனா இப்போ மூட்டையைப் பிரிச்சா பாதிக்கு மேல பாலியஸ்டர். வேர்வையை உறிஞ்சாது, கைப்புள்ளைக்குப் போர்த்த முடியாது. மண்ணுல மக்கவும் மக்காது, உழும்போது கலப்பையில சுத்திக்கிட்டு வருது. சந்தேகம்னா ஒரு நூலை உருவிப் பத்தவெச்சுப் பாருங்க. பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

மிச்சத்துல தைங்கன்னு சொல்றது சுலபம். மிச்சம் நல்லதா இருக்கணும்னா, கடையில வாங்கும்போதே பருத்தியா வாங்கணும். விலை கூடத்தான். ஆனா சேலையா பத்து வருஷம், போர்வையா இன்னும் சில வருஷம்னு கணக்குப் போட்டா அது கூடுதல் இல்ல.

பாலியஸ்டர் துண்டுகளைத் தக்காளிச்செடியைக் குச்சியில கட்ட வெச்சுக்கறேன். காய்ப்பு முடிஞ்சதும் மறக்காம அவுத்து எடுத்துடணும்.