வாத்தியாருக்கு எதுக்கு அரசியல்?

தேர்தல் நெருங்கிட்டா போதும், டவுன்ல இருக்கிற நம்ம சொந்தக்காரங்க ஒரே பாட்டைப் பாட ஆரம்பிச்சிடுவாங்க. "வாத்தியாருங்க சங்கம் வச்சுக்கிட்டு இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கறாங்களே, பாடம் நடத்துற வேலையைப் பாக்க வேண்டியதுதானே? வாங்குற சம்பளம் பத்தாதா?"

நான் மாடு, கிணறு, மோட்டாரோடு கிடக்கிறவன். எனக்கு மாசச் சம்பளமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. பொறாமைப்பட வேண்டியவன் நான்தான். ஆனாலும் சொல்றேன்: தொழிலாளி பக்கம் நிற்கிற வேட்பாளரை ஆசிரியர் சங்கம் ஆதரிப்பதில் ஒரு தப்பும் இல்லை.

எங்க மோட்டார் இலவச மின்சாரத்தில் ஓடுது. அது யாரும் மனசு இரங்கிக் கொடுத்ததில்லை. 1970ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972ல் கோவை வீதிகளை மாட்டு வண்டிகள் அடைத்து நின்றன. சங்கமாச் சேர்ந்த பிறகுதான் கட்சிக்காரங்க எங்க வாசலுக்கு வந்தாங்க. விவசாயி செஞ்சா வீரம், வாத்தியார் செஞ்சா திமிரா?

2003 ஜூலையை மறந்துட்டீங்களா? வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1.70 லட்சம் பேரை அன்றைய அரசு ஒரே அடியாக டிஸ்மிஸ் செய்தது. பிற்பாடு பெரும்பாலானவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஆகஸ்ட் 6 அன்று, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணியில் இருக்கிற வாத்தியார் மேடை ஏறி ஓட்டுக் கேட்க நடத்தை விதியும் விடாது. வேலையை நிறுத்தக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. மிச்சம் இருக்கிறது அந்த ஒத்தை ஓட்டு. அதையும் சேர்ந்து போடக் கூடாதுன்னா எப்படி?

சட்டமன்றத்தில் நாலு பேர் இருந்து என்ன கிழிச்சிடுவாங்கன்னு கேக்கறீங்க. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்கிற தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கம்யூனிஸ்டுகள் இரண்டு கட்சிக்கும் சேர்த்து நாலே எம்எல்ஏ. அவர்களும் மற்ற கூட்டணிக் கட்சிகளும் உள்ளே எதிர்த்தார்கள், வெளியே தொழிற்சங்கங்கள் கிளம்பின. மே தினத்தன்று முதல்வரே வாபஸ் என்று அறிவித்தார். உள்ளே எதிர்க்க ஆளே இல்லாவிட்டால்?

சங்கத்துக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கட்சியோட தேர்தல் அறிக்கையை நம்பி மொத்தமா ஓட்டைக் கொட்டாதீங்க. பழைய ஓய்வூதியம் தருவோம்னு 2021ல் எழுதினாங்க. 2025 பிப்ரவரியில் அதுக்கு ஒரு குழு போட்டாங்க. அதனால ஆளைப் பாருங்க, அவர் இதுவரை யாருக்காக நின்னார்னு பாருங்க. ஓட்டுக் கேட்டு வரும்போது உங்க பென்ஷனை மட்டும் பேசாதீங்க. மாசம் 5,000 ரூபாய்க்கு 2012ல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரையும், சத்துணவு சமைக்கிற அக்காவையும், நூறு நாள் வேலைக் கூலிக்குக் காத்திருக்கிறவங்களையும் அந்தப் பட்டியலில் சேருங்க. உங்க பள்ளிக்கூடத்தில் படிக்கிறது அவங்க பிள்ளைங்கதான்.

அப்படிச் சேர்த்துக் கேட்டீங்கன்னா, பென்ஷன் இல்லாத நானும் உங்க வேட்பாளருக்கு வீடு வீடாப் போய் ஓட்டுக் கேப்பேன். டவுன் சொந்தங்களே, நீங்க அப்பவும் பொங்கலுக்குத்தான் வருவீங்களா, ஓட்டுப் போடவும் வருவீங்களா?