மருந்துக்கும் கணக்குக் கேட்போம்!

களத்துமேட்டில் மரக்கால் குறைந்தால் கேட்கிறோம். மில்லில் ஒரு நாள் கூலி விடுபட்டால் கேட்கிறோம். ஆனால் கடன் வாங்கி மருந்து வாங்குகிறபோது மட்டும் வாய் திறப்பதில்லை. இந்த மருந்தால் குணமாகும் என்று எப்படித் தெரியும்? எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? கொடுக்காதவர்கள் கதி என்ன? இதெல்லாம் படித்தவர்கள் விவகாரம் என்று ஒதுங்கி விடுகிறோம். ஒதுங்கக் கூடாது என்பதே நம் கருத்து.

தாமிரவருணி கடலில் கலக்கிற புன்னக்காயலில் 16ஆம் நூற்றாண்டிலேயே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் பாதிரியார் ஏற்படுத்தியது அது. ஆஸ்பத்திரி பழசானாலும், இருமல் வந்தவனுக்கு யோசனை சொல்லும் வழக்கம் அங்கும் எங்கும் ஒன்றுதான். "நான் இந்த டானிக்கைக் குடித்தேன், சரியாயிற்று" என்பார் ஒருவர். "எனக்கு அந்த ஊசியில்தான் நின்றது" என்பார் மற்றொருவர். பொய் சொல்லவில்லை அவர்கள். ஆனால் பிழைத்தவன்தான் பேசுகிறான். செத்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை. தானாகவே தீர்கிற நோயும் மருந்தின் கணக்கில் வரவாகி விடுகிறது. இந்தக் குழப்பத்தில்தான் மருந்து வியாபாரி கொழிக்கிறான்.

இதற்கு மாற்று என்ன? நம் மாகாணத்திலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

க்ஷயரோகம் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி வந்த காலம். ஏழைக்கு ஏது இவை? தாம்பரத்தில் படுக்கை கிடைத்தவன் பாக்கியசாலி. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜாங்க சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடிச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தன. ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போயிற்று. மறு பாதி தன் நெருக்கடிக் குடிசையிலேயே இருந்தது. இரு சாராருக்கும் ஒரே மருந்துகள்தாம், ஓராண்டு காலம்.

ஏன் சீட்டு? டாக்டரே பிரித்திருந்தால், இரக்கப்பட்டு மோசமானவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு எது நல்லது என்று எப்படிச் சொல்வது? நோஞ்சான் மாட்டை ஓர் ஏரிலும், கொழுத்த மாட்டை இன்னோர் ஏரிலும் கட்டிவிட்டு, எந்தக் கலப்பை நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா?

1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். ஆறு பேர் வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்கலாம். கேட்க வேண்டும்! பக்கத்துக்கு நூறு பேர் கூட இல்லாத இடத்தில், இவ்வளவு வித்தியாசம் சீட்டு விழுந்த விதத்திலேயே வரக்கூடும். எது தற்செயல், எது மெய்யான வித்தியாசம் என்று நிறுத்துச் சொல்கிற தராசுதான் புள்ளியியல். வீட்டில் இருந்த நோயாளியால் பெண்டு பிள்ளைகளுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் ஐந்தாண்டுத் தொடர் கவனிப்பில் தெரிந்தது. படுக்கைக்குக் காத்துக் கிடந்த ஏழைக்கு வீட்டு வாசலிலேயே வைத்தியம் என்ற கொள்கை, உலகம் முழுவதும் இப்படித்தான் பரவியது.

அப்படியானால் சோறு முக்கியமில்லையா? அவசரப்பட வேண்டாம். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் குடிசையிலும் குணமாகும் என்பதுதான் சென்னைச் சோதனையின் முடிவு. நோய் வராமல் தடுக்கச் சோறு உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சோதனை. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் அது நடந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். சீட்டு விழுந்த பகுதிகளில் அவர்கள் வீட்டாருக்கும் மாதந்தோறும் தானியமும் பருப்பும் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீட்டாரைக் கவனித்ததில், ரேஷன் பெற்ற வீடுகளில் புதிதாக க்ஷயம் கண்டவர்கள் 39 சதவிகிதம் குறைவு! 2023இல் வெளியான முடிவு இது. வயிறு காய்ந்தால் நெஞ்சு காயும் என்று நாம் சொன்னால் கோஷம் என்பார்கள். இப்போது கணக்கே சொல்கிறது.

"ஏழையைச் சோதனை எலி ஆக்குவதா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எது மேல் என்று மெய்யாகவே தெரியாதபோதுதான் சீட்டுப் போடலாம். விஷயத்தை விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். புது மருந்துச் சோதனைகளுக்கு 2019ஆம் ஆண்டு விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. விதியை மீறினால் எதிர்த்து நிற்போம். ஆனால் சோதிக்காத மருந்தை எல்லோருக்கும் விற்பது மட்டும் என்ன? அதுவும் சோதனைதான், கணக்கு எழுதாத சோதனை!

பிரிட்டனில் ஆர்ச்சி காக்ரேன் என்ற டாக்டர் இருந்தார். 1936இல் ஸ்பெயின் குடியரசின் பக்கம் மருத்துவப் பணிக்குப் போனவர். பின்னால் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் தூசி நோயை வீடு வீடாகக் கணக்கெடுத்தவர். பலனுள்ள வைத்தியம் எல்லோருக்கும் இலவசம் என்று இளமையிலேயே கோஷ அட்டை ஏந்தி நடந்தவர். "இலவசம்" என்ற சொல்லோடு "பலனுள்ள" என்ற சொல்லையும் சேர்த்துப் பிடித்தார் பாருங்கள், அதுதான் பாடம்.

ஆகவே நாம் நான்கு கேள்விகளைப் பழகிக் கொள்வோம். எதோடு ஒப்பிட்டார்கள்? எப்படிப் பிரித்தார்கள்? எத்தனை பேர்? பணம் போட்டவர் யார்? இதற்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிலையம் ஆராய்ச்சி முறைகளை இணைய வழியே கற்பிக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. கிராமச் சுகாதார நர்சுக்கும், பஞ்சு தூசியில் இருமுகிற மில் தொழிலாளிக்கும் எட்டும்படி நல்ல தமிழில் அது வரவேண்டும். சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்த வேண்டும். க்ஷயம் கண்ட வீட்டின் எல்லா வாய்களுக்கும் ரேஷன், புண்ணியவான் தரும் கூடையாக அல்ல, உரிமையாகவே வரவேண்டும்.

கூலிக்குக் கணக்குக் கேட்கக் கற்றுக் கொண்டோம். உயிருக்கும் கணக்குக் கேட்கக் கற்றுக் கொள்வோம்!